அரை நட்சத்திர பீர்

தனகோட்டி தலைகீழாகக் கிடந்தான்.

தலை, டிரம்முக்குள். கால்கள், ஜன்னல் வழியே தெரிந்த ராஜகிரி மலையைப் பார்த்தபடி...

திருவண்ணாமலை ரோட்டில் அவன் நடத்திய பாரின் பின்னறை அது. நடுவில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம். அது நிறைய பீர். மேலே நுரை. நுரையில் சிகரெட் துண்டு, நிலக்கடலைத் தோல், யாரோ சப்பித் துப்பிய சிக்கன் எலும்பு...

இவற்றோடு பார் ஓனரும்.

காலையில் கூட்ட வந்த வசந்தா போட்ட அலறலில், எதிர்க்கடை டீ மாஸ்டர் டீயைத் தன் கால்மேலேயே ஆற்றிக்கொண்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் மகாலட்சுமி மூக்கைப் பிடித்துக்கொண்டு டிரம்முக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாது இது... பீரா?"

"எல்லாரும் குடிச்ச மிச்சம் மேடம்," என்றாள் வசந்தா. "கிளாஸ்ல, பாட்டில்ல இருக்கிறத கீழ ஊத்தாத, பக்கெட்ல ஊத்துன்னுவாரு. மாட்டுக்குன்னு சொல்வாரு. இந்த ரூம எப்பவும் பூட்டியே வெச்சிருப்பாரு. இன்னிக்குத் தெறந்து கெடந்துது... இன்னிக்குத்தான் உள்ள வரேன்."

டிரம் பக்கத்தில் காலி பாட்டில்கள். 'நீலக்குதிரை ஸ்பெஷல்' என்று புத்தம்புது லேபிள்கள். மூடி போடும் மெஷின்.

"மாடு இத மோந்துகூட பாக்காது," என்றாள் மகாலட்சுமி. "அதுக்கு ரோஷம் இருக்குது."

வாசற்படியில் நின்ற ஜெயராமன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். கட்டடம் அவருடையது. செஞ்சியிலேயே சுத்தக்காரர் என்று பெயர். இந்த பாருக்கே சொந்த டம்ளர் கொண்டுவந்து குடிப்பவர்.

"ஐயோ பாவம்... யாருக்கு இவன்மேல இவ்ளோ கோவம்?" என்றார்.

"ஆள் கெடச்சுட்டான்," என்றாள் மகாலட்சுமி. "கொல்லப் போறேன்னு நேத்தே வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல போட்டிருக்கான்."

இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவே வந்து சேர்ந்தான் எழிலன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்த யாருடைய ரேஷன் கார்டோ இன்னும் கையில் இருந்தது.

மகாலட்சுமி போனைப் பார்த்துப் படித்தாள்.

"'நீலக்குதிரை ஸ்பெஷல். ஐந்துக்கு அரை நட்சத்திரம். சாக்கடையில் பழைய சாக்ஸை ஊறப்போட்ட ருசி. தயாரித்தவனை இதிலேயே முக்கிக் கொல்ல வேண்டும்.' நீ எழுதுனதா?"

எழிலன் டிரம்மைப் பார்த்தான். கால்களைப் பார்த்தான்.

"மேடம்... அது விமர்சனம்."

"ஆளு செத்துட்டான்யா."

"என் பேச்ச இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதே இல்ல மேடம். இதுதான் முதல் தடவ."

"இன்னா விமர்சனம்? எதுல எழுதுற?"

"உலகத்துல இருக்கிற பீரையெல்லாம் பதிஞ்சு வெக்கிற வெப்சைட் மேடம். கம்பெனி கிடையாது. எங்கள மாதிரி ஆளுங்களே நடத்துறது. குடிச்சுப் பாத்து கலர், நுரை, வாசனை எல்லாம் எழுதணும். லேபிள் போட்டோ போடணும். ஒருத்தர் தப்பா எழுதியிருந்தா இன்னொருத்தர் திருத்தலாம். அங்க எழுதுனததான் ஸ்டேட்டஸ்லயும் வெச்சேன்."

"எவ்ளோ குடுக்கிறான்?"

"ஒண்ணும் இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

"எங்க வீட்லயும் இதேதான் கேக்குறாங்க."

மகாலட்சுமி சிரிக்கவில்லை.

"நேத்து இங்க பாட்டில தூக்கிப் போட்டு ஒடச்சிருக்க. தனகோட்டி சட்டையப் புடிச்சிருக்க. ஊரே பாத்திருக்குது. கொலை கேசு, ஆயுள் தண்டனை. ஜீப்ல ஏறு."

எழிலன் ஜீப் பக்கம் இரண்டடி வைத்தான். ஆனால் மூளை வேறெங்கோ மாட்டிக்கொண்டிருந்தது.

"மேடம்... நான் நேத்து குடிச்சது... இந்த டிரம்லேர்ந்தா?"

"ஆமா."

"ஒரு பாட்டில்ல முடிவு பண்ணக்கூடாதுன்னு ரெண்டாவது வேற வாங்குனேனே..."

சுவரைப் பிடித்துக்கொண்டு குடலே வெளியே வரும்படி வாந்தியெடுத்தான். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிளின் பூட்ஸ் தப்பவில்லை.

"இதையும் லேபுக்கு அனுப்பணுமா மேடம்?" என்றார் அவர் அருவருப்போடு.

எழிலன் வாயைத் துடைத்துக்கொண்டு கெஞ்சினான்.

"ஜீப்ல ஏத்துறதுக்கு முன்னாடி, வெப்சைட்ல அந்த பீரோட பக்கத்த ஒரே ஒரு தடவ பாத்துக்கிறேன் மேடம். பாட்டில்னு இருக்கிறத டிரம்முனு திருத்தணும். தப்பான தகவல் இருந்தா எனக்குத் தூக்கம் வராது."

"ஜெயிலுக்குப் போறவன் கேக்குற கேள்வியாடா இது?" என்றபடியே, கான்ஸ்டபிளிடம் இருந்த அவன் போனை வாங்கி நீட்டினாள்.

திறந்தான். திகைத்தான்.

"மேடம்... யாரோ எனக்கு முன்னாடியே திருத்திட்டாங்க."

"இன்னான்னு?"

"இந்த பீர முதல்ல பதிஞ்சது 'கோட்டைவாசி'ன்னு ஒருத்தர். 'தேன் போன்ற ருசி'ன்னு அஞ்சு நட்சத்திரம் குடுத்திருந்தாரு. அத நம்பித்தான் நானே வந்து குடிச்சேன். இப்ப அவரே அஞ்ச சைபர் ஆக்கியிருக்காரு. 'பாட்டில்'னு இருந்தத அழிச்சுட்டு 'டிரம்'னு போட்டிருக்காரு."

"அதனால?"

"திருத்துன நேரத்தப் பாருங்க. விடியறதுக்கு முன்னாடி. டிரம் இருக்கிறதே வசந்தாக்கா உள்ள வந்த பிறகுதான ஊருக்குத் தெரியும்?"

மகாலட்சுமியின் புருவம் ஏறியது. குரல் இறங்கியது.

"யாரு அவன்?"

"தெரியாது மேடம். பேரு, நம்பர் எதுவும் காட்டாது. ஆனா ஒரு வழி இருக்குது. அவரு திருத்தத்த நான் அழிக்கிறேன். உடனே அவரு போனுக்குத் தகவல் போவும். எங்க ஆளுங்க பொண்டாட்டி திட்டுனா பொறுத்துப்பாங்க... திருத்தத்த அழிச்சா பொறுக்க மாட்டாங்க."

அழித்தான். காரணம் கேட்டது. 'ஆதாரம் இல்லை' என்று அடித்தான்.

டிங்.

சத்தம் அறைக்குள்ளேயே கேட்டது.

யாரும் அசையவில்லை. ஒரு நிமிஷத்தில் அழித்தது திரும்ப வந்தது. 'டிரம்தான். எனக்குத் தெரியும்.'

எழிலன் மறுபடி அழித்தான். இந்தத் தடவை கொஞ்சம் உப்பு சேர்த்தான். 'எழுதியவருக்கு பீரைப் பற்றி ஒன்றும் தெரியாது.'

டிங்.

அடுத்து வந்தது ஒரு படம்.

நீல டிரம். அதன்மேல் கிளாஸைக் கவிழ்க்கும் ஒரு கை. முகத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். பச்சைக் கட்டம் போட்ட சட்டை. விரலில் முருகன் மோதிரம்.

மகாலட்சுமி டிரம்மைப் பார்த்தாள். பிணத்தின் மேலும் அதே சட்டை. அதே மோதிரம்.

"உயிரோட இருக்கிற கை," என்றாள் மெதுவாக.

திரும்பினாள்.

அறையில் ஒரே ஒருவர்தான் குனிந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தார். கைக்குட்டை கீழே விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"ஜெயராமன் சார்... போனக் குடுங்க."

அவர் முகம் வெளுத்தது. போனைக் கொடுத்தார். ஆனால் பார்த்தது எழிலனை.

"பீரப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதா தம்பி?"

"சார்... நீங்களா கோட்டைவாசி?"

"நான் பதிஞ்ச பீருக்கு அரை நட்சத்திரம் போட்டியேன்னு கோவம். நீ எழுதுனது பொய்னு காட்டணும்... சுத்தமா தயாரிக்கிறத போட்டோ எடுத்துப் போடணும்னு என்கிட்ட இருந்த சாவியப் போட்டுத் தெறந்து உள்ள வந்தேன். இவன் கிளாஸ் கிளாஸா கவுத்துனு இருந்தான். ஒண்ணுல வெத்தல எச்சி... எனக்கு உயிரே போச்சு."

குரல் உடைந்தது.

"இன்னாடா இதுன்னேன். 'இத்தன வருஷமா இதத்தான குடிக்கிறீங்கண்ணே, உங்களுக்கு இன்னா ஆச்சு'ன்னு சிரிச்சான். டிரம்ல குனிஞ்சு ஒரு கிளாஸ் மொண்டான். 'இந்தாங்க, சூடா ஒண்ணு'ன்னான். அவ்ளோதான்... பின்னாலேர்ந்து அமுக்கிட்டேன்."

கான்ஸ்டபிள் கைவிலங்கை எடுத்தார்.

எழிலன் அவர் பக்கத்தில் போய் நின்றான். விடுதலையான சந்தோஷத்தைவிட இந்த வருத்தம் பெரிதாக இருந்தது.

"செஞ்சில நான் ஒருத்தன்தான்னு நெனச்சேன் சார். சொல்லியிருந்தா ரெண்டு பேரும் பாண்டிச்சேரி போயி ஒழுங்கான பீரா குடிச்சிருக்கலாமே..."

ஜெயராமனை ஏற்றினார்கள். ஜீப் கிளம்பிப் போனது.

டிங். இந்த முறை எழிலனின் போன்.

படித்தவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னாய்யா? உன்னத்தான் விட்டாச்சே. இன்னும் இன்னா டென்ஷன்?"

"வெப்சைட்ட பாத்துக்கிறவங்க அனுப்பியிருக்காங்க மேடம். 'உண்மையான திருத்தத்தை இருமுறை அழித்ததற்காக உங்களுக்கு ஆயுள் தடை விதிக்கிறோம். தன் தவறைத் தானே திருத்தி, படமும் கொடுத்த நேர்மையாளர் கோட்டைவாசிக்கு எங்கள் நன்றி.'"

மகாலட்சுமி முதல் முறையாகச் சிரித்தாள்.

எழிலன் பெருமூச்சு விட்டான்.

"அவருக்காவது பெயில் கெடைக்கும் மேடம்... எனக்கு அதுவும் கெடையாது."