செவ்வாய்க்கிழமை, நாலு பத்து

"டீச்சரம்மா, எனக்கு மனு எதுவும் அடிக்க வேணாம். பொய் சொன்னது யாருன்னு மட்டும் கண்டுபுடிச்சுக் குடுங்க."

காட்டுப்பாக்கத்தில் பார்வதம் நடத்திவந்த தட்டச்சு நிலையத்துக்கு மனு அடிக்க வருகிறவர்களே அதிகம். மொட்டைக் கடிதத்தைக் கொண்டுவந்து எழுதியது யாரென்று கேட்பவர்களும் உண்டு. இரண்டு முறை பார்வதம் சரியாகச் சொல்லிவிட்டதால் வந்த வினை அது. சுருக்கெழுத்து சொல்லிக்கொடுக்கும் ஜமீலாவுக்கு இந்த இரண்டாம் வகை ஆட்களைத்தான் பிடிக்கும். அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

வந்தவள் பெயர் அங்கம்மா. திருமழிசையில் ஒரு போல்ட் கம்பெனியில் வேலை. பூந்தமல்லியில் வீடு. கணவன், எட்டு வயதில் முத்து என்று ஒரு பெண். குடும்பமே வெண்மனச் சபையைச் சேர்ந்தது.

"எங்க சபையில வெள்ளிக்கிழமை தோறும் எல்லாரும் பெட்டியில சீட்டுப் போடணும். யார் இன்னா தப்பு பண்ணாங்க, எந்த நாளு, எத்தினி மணின்னு எழுதணும். ஒண்ணும் பார்க்கலைன்னா வெறுஞ்சீட்டு."

"எல்லாரும் என்றால்?"

"எழுதத் தெரிஞ்சவங்க எல்லாரும். அதுக்குன்னே புள்ளைங்களுக்குக் கிளாஸ் கீது. வாய்ப்பாட்டுக்கு முன்னாடியே மணி பார்க்கச் சொல்லிக் குடுத்துடுவாங்க." அதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

சீட்டைப் படிப்பவர் சபைப் பெரியவர் செங்கல்வராயன். எழுதியவர் பெயரைச் சொல்லமாட்டார். பெயர் அடிபட்டவரோடு ஒரு வருடம் சபையில் யாரும் பேசக்கூடாது, வீட்டில் இருப்பவர்களும்; அவரும் அவர்களோடு பேசக்கூடாது. ஆனால் சீட்டில் ஒரு சொல் பொய்யென்று தெரிந்தாலும் தண்டனை எழுதியவருக்குத் திரும்பிவிடும்.

"போன வெள்ளிக்கிழமை என் பேரைப் படிச்சாங்க. 'செவ்வாய்க்கிழமை நாலு பத்துக்கு லட்சுமணன் வீட்டில் அங்கம்மா கஞ்சி குடித்தாள், அழுதாள்'னு."

"யார் லட்சுமணன்?"

"என் தம்பி. சீட்டு எழுதமாட்டேன்னு சபையை வுட்டுப் போயிட்டான். எங்களுக்கு அவன் செத்தவன். மஞ்சக்காமாலை வந்து ஒண்டியாப் படுத்துகினு கீறான். மனசு கேக்கல. பாப்பாவைக் கூட்டிகினு போய்க் கஞ்சி வச்சுக் குடுத்தேன். நீயும் குடிச்சாத்தான் குடிப்பேன்னு அடம் புடிச்சான்."

"அப்போ விஷயம் உண்மைதானே?" என்றாள் ஜமீலா.

"போனது நெஜம். நாலு பத்து பொய்!" அங்கம்மா இடுப்பிலிருந்து கம்பெனியின் நேர அட்டையை எடுத்தாள். செவ்வாய்க்கிழமைக்கு நேராக, வெளியேறிய நேரம் 5.32. "நான் அவன் ஊட்டுக்குப் போறப்போ ஆறரை. நாளைக்கு இதைப் பெரியவர் முன்னாடி வச்சா எனக்கு விடுதலை. வைக்கிறப்போ அவ மூஞ்சியப் பார்த்துகினே வைக்கணும். தம்பி ஊட்டுக்கு எதிர் ஊட்டுல எங்க சபைக்காரி தாயம்மாள் கீறா, அவதான்னு எனக்குச் சந்தேகம். உறுதியாத் தெரியணும்."

பிறகு குரல் இறங்கியது. "ஆறு நாளாச்சு. தண்ணி குடுன்னுகூட என்கிட்ட யாரும் கேக்கல. என் பாப்பாவும் பேசல."

"சாயங்காலம் வாங்க," என்றாள் பார்வதம்.

லட்சுமணன் குடியிருந்த சென்னீர்குப்பத்தில் பார்வதத்தோடு பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஜமீலா தாயம்மாள் வீட்டு ஜன்னலை ஆராய்ந்தாள். அங்கிருந்து லட்சுமணன் வீட்டு வாசல் மட்டுமே தெரிந்தது.

உள்ளே ஒரே அறை. கண்கள் மஞ்சளித்துப்போன லட்சுமணன் பாயில் படுத்திருந்தான்.

"வாங்க. செத்தவன் ஊட்டுக்கு வந்துகீறீங்க, குளிச்சிட்டுப் போங்க," என்று சிரித்தான்.

ஜமீலா திரும்பிப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. வாசற்படிக்கு மேலே, உள்பக்கச் சுவரில், சாவி கொடுக்கும் பழைய கடிகாரம். மணி நாலு பத்து. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று.

"அக்கா!" என்றாள்.

பார்வதம் தலையை மட்டும் அசைத்தாள். "எப்போ நின்றது, தம்பி?"

"நான் படுத்த அன்னிக்கே. அது ஆச்சு பன்னெண்டு நாளு. எழுந்தாத்தானே சாவி குடுக்க? எப்போ கண்ணைத் தொறந்தாலும் நாலு பத்து. சலிச்சுப் போச்சு."

"அந்தச் செவ்வாய்க்கிழமை யார் வந்தார்கள்?"

"அக்காவும் பாப்பாவும்தான். வேற எவன் வரான்?"

"பாப்பா எங்கே உட்கார்ந்திருந்தாள்?"

வாசலுக்கு எதிர்ச்சுவரைக் காட்டினான். கேள்வி எங்கே போகிறது என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. சிரிப்பு போய்விட்டது.

திரும்பும் வழியில் ஜமீலாவுக்கும் கணக்கு வந்துவிட்டது. தப்பாக இருக்கக்கூடாதா என்று மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தாள்.

மாலை அங்கம்மா வந்தாள். பார்வதம் தட்டச்சு இயந்திரங்களுக்கு உறை போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"அந்த நேரத்தை யாரும் கற்பனை செய்யவில்லை, அங்கம்மா. உங்கள் தம்பி வீட்டுக் கடிகாரம் நாலு பத்தில் நின்றிருக்கிறது. எழுதியவர் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார்."

"அப்போ தாயம்மா எட்டிப் பார்த்துகினு..."

"கடிகாரம் வாசலுக்கு மேலே, உள்பக்கம் இருக்கிறது. வெளியிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியாது. உள்ளே உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். உங்கள் தம்பிக்கு அது நின்றுபோனது தெரியும். அவர் எழுதியிருந்தால் அந்த நேரத்தைப் போட்டிருக்க மாட்டார். நீங்கள் எழுதவில்லை. முள்ளைப் படிக்கத் தெரிந்து, கடிகாரம் ஓடுகிறதா என்று பார்க்கத் தெரியாத ஒருவர்..."

"போதும்," என்றாள் அங்கம்மா.

வெளியே ஒரு லாரி போனது. மேசைகள் அதிர்ந்து அடங்கின.

"அழுதேன்னு எழுதியிருந்துச்சே," என்றாள். "நான் அழுததை அதுதான் பார்த்துச்சு. கிட்ட வந்து என் மூஞ்சியையே பார்த்துச்சு."

"உங்களைக் காப்பாற்றத்தான் எழுதியிருப்பாள்," என்றாள் ஜமீலா.

"ஆமா. சீட்டு எழுதினா அம்மா நரகத்துக்குப் போகமாட்டாங்கன்னு கிளாஸ்ல சொல்லிக் குடுத்துகீறாங்க." நேர அட்டையை எடுத்துப் பார்த்தாள். "எந்தச் சீட்டு யார் கையெழுத்துன்னு பெரியவருக்குத் தெரியும். இதைக் காமிச்சா தண்டனை பாப்பாவுக்கு. ஒரு வருசம் யாரும் அதோட பேசமாட்டாங்க. நானும் பேசக்கூடாது."

"சபையே வேண்டாம் என்று வந்துவிடுங்களேன்!"

"வந்தா நானும் செத்தவ. செத்தவ போய்ப் பொண்ணைக் குடுன்னு கேட்டா, அவங்கப்பா குடுப்பாரா?"



அங்கம்மா அட்டையை நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"நாலு பத்துக்கு நான் அங்கதான் இருந்தேன், டீச்சரம்மா. யார் கேட்டாலும் அப்படியே சொல்லுங்க."

பத்து நாள் கழித்துப் பூந்தமல்லி பஸ் நிலையத்தில் ஜமீலா அவர்களைப் பார்த்தாள். பள்ளிச் சீருடையில் முத்து தாயிடமிருந்து நான்கு அடி தள்ளி நின்றிருந்தாள். ஒரு பக்கம் ரிப்பன் அவிழ்ந்திருந்தது. அங்கம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அருகில் போய் அதை முடிந்தாள். அப்போது, உதடு அசைந்ததே தெரியாமல், "சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டாள்.

சிறுமி பதில் சொல்லவில்லை. தாயை ஒரு கணம் பயத்தோடு பார்த்தாள். பிறகு சுற்றும்முற்றும் தேடிவிட்டு, ஜமீலாவிடம் வந்து அண்ணாந்தாள்.

"அக்கா, மணி இன்னா?"

ஜமீலா கைக்கடிகாரத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"ஓடலை, பாப்பா," என்றாள். "நின்னு போச்சு."