இரண்டாவது துடைப்பான்

சிங்காரவேலு தம் வீட்டில் இரண்டாம் எண். முதலாம் எண் அலைப்பெட்டிக்கு. செவ்வாய்க் கிரகத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். குடும்பத் தலைவர் என்று எவ்வளவு மார்தட்டினாலும், கூடத்துச் சுவரில் தொங்கும் அந்த வெள்ளைப் பெட்டிக்கு அடுத்துதான் அவர். மூன்றாம் எண் மனைவி சௌந்தரம். நான்காம் எண் மகள் மகிழினி. அதன் பிறகு அடுப்பு, கதவு, காற்று வடிகட்டி, துடைப்பான் ரோபோ என்று வரிசை போகும்.

செவ்வாயில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஒரு செவிமணி பதித்துவிடுவார்கள். அலைப்பெட்டி அந்தச் செவிமணிக்கு வரிசை எண்ணோடு ஓர் உள்முகவரி கொடுத்து வீட்டார் வலையில் சேர்த்துக்கொள்ளும். உள்முகவரி உள்ளவர் மனத்தில் நினைத்தாலே அடுப்பு பற்றும், நாற்காலி உயரும். அது மட்டுமில்லை. வீட்டார் வலையில் இருப்பவர் செவ்வாயின் எந்த மூலையில் இருந்தாலும் வீட்டில் நடக்கும் பேச்சைக் கேட்கலாம், பழைய பேச்சையும் தேடிக் கேட்கலாம். சுரங்க வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளின் மழலையைக் கேட்பதற்காக வந்த வசதி இது. வெளியாட்களுக்கு விருந்தினர் வலை என்று ஒன்று தனியாக உண்டு. அதில் இருப்பவருக்குக் கதவு திறக்கும், மூச்சுவிடக் காற்று கிடைக்கும். அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்கக்கூடாது.

"வணக்கம். தங்கள் அலைப்பெட்டியின் பாதுகாப்பைக் கருதி..." என்று அன்று காலையும் பெட்டி தொடங்கியது. தினமும் தொடங்குவதுதான்.

"நாளைக்கு" என்றார் சிங்காரவேலு, பல் துலக்கிக்கொண்டே. அவர் ஒருநாளும் அந்த வாக்கியத்தை முழுதாகக் கேட்டதில்லை. பெட்டியும் கோபித்துக்கொண்டதில்லை.

அன்று அவருக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. மறுநாள் தீபாவளி. மகிழினிக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளை நித்திலன் பள்ளத்தாக்கு நகரிலிருந்து மதிய ஊர்தியில் அவளோடு வந்து இறங்கப் போகிறான். புது மணப்பாறை என்னும் அந்தக் கவிகை நகரத்தில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே மத்தாப்பு கொளுத்தக்கூடத் தடை. வெடிச்சத்தத்தைச் செவிமணியில் அனுப்பிவைப்பார்கள். ஆனால் மாப்பிள்ளை முறுக்கை மட்டும் எந்தக் கவிகையாலும் தடுக்க முடியவில்லை.

எதிர்வீட்டுப் பரிமளாவின் கதை ஊருக்கே தெரியும். போன தீபாவளிக்கு வந்த மருமகனை மறதியாக விருந்தினர் வலையில் விட்டுவிட்டார்கள். அவன் நாற்காலியை உயரச் சொன்னபோது அது, "மன்னிக்கவும் விருந்தினரே" என்றது. எண்ணெய்கூடத் தேய்த்துக்கொள்ளாமல் அடுத்த ஊர்தியில் போனவன்தான். பரிமளாவின் மகள் அதற்குப் பிறகு பொங்கலுக்கும் வரவில்லை.

"நம்ம பிள்ளையை வீட்டார் வலையிலேயே சேர்த்துடுங்க, அவ்வளவுதானே" என்றாள் சௌந்தரம், வாணலியிலிருந்து கண்ணெடுக்காமல்.

"சேர்த்தா எந்த எண் வரும் தெரியுமா? துடைப்பானுக்கு அடுத்த எண். வீட்டு மாப்பிள்ளை துடைப்பானுக்குப் பின்னால நிக்கிறதா?"

"துடைப்பானைத் தள்ளிப் போடுங்க."

"அது சரி. பழைய பேச்சு இருக்கே, அதுக்கு என்ன பண்றது?"

சௌந்தரம் அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். பெண் பார்க்க வந்த அன்று, நித்திலனைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு உள்ளறைக்கு வந்த சிங்காரவேலு, "பையன் பார்க்க வேகாத இட்லி மாதிரி இருக்கானே" என்று சொல்லியிருந்தார். சொன்னது வீட்டு நினைவில் பத்திரமாக இருக்கிறது. வீட்டார் வலையில் நுழைந்த மாப்பிள்ளை அதைத் தேடிக் கேட்டுவிட்டால், மகிழினி வாழ்நாள் முழுக்க அந்த இட்லிக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வழி இருந்தது. அலைப்பெட்டியின் அமைப்புகளைத் திறந்து மாப்பிள்ளைக்கு நல்ல எண்ணாக ஒன்றை ஒதுக்கலாம். பழைய பேச்சு அவனுக்கு எட்டாதபடி நடுவே ஒரு மதில் எழுப்பலாம். ஆனால் அமைப்புகள் திறக்கத் திறவுச்சொல் வேண்டும். வீட்டுக்குக் குடிவந்த புதிதில், பெட்டியை மாட்டிய தொழிலாளி, "இது கம்பெனி போட்டது, உடனே மாத்திடுங்க சார்" என்று சொன்னது சிங்காரவேலுவுக்கு நன்றாக நினைவிருந்தது. மாற்றியதாகவும் நினைவிருந்தது. என்னவாக மாற்றினார் என்பதுதான் நினைவில்லை.

பெட்டியின் முன் நின்று குலதெய்வத்தின் பெயரைச் சொன்னார். திறக்கவில்லை. மகள் பெயரைச் சொன்னார். அதுவும் இல்லை.

"என் பேரை இன்னும் சொல்லிப் பார்க்கலையே" என்றாள் சௌந்தரம்.

சொன்னார். "மூன்று முறையும் தவறு. சற்றுப் பொறுத்து முயலவும்" என்றது பெட்டி.

"அதானே பார்த்தேன். என் பேரை எங்கே வைக்கப் போறீங்க" என்று முறுக்கைத் திருப்பிப் போட்டாள் அவள்.

பெட்டி மனமிரங்குவதற்குள் வாசலில் மாப்பிள்ளை வந்துவிட்டான். வெளுத்த முகமும் கூச்சச் சிரிப்புமாக, நியாயமாகப் பார்த்தால் கொஞ்சம் இட்லி மாதிரித்தான் இருந்தான். பக்கத்தில் மகிழினி. சிங்காரவேலு கையைப் பிசைந்துகொண்டு, "வாங்க மாப்பிள்ளை, வாங்க. ஒரு நிமிஷம் நின்னுக்கிட்டே பேசுவோமே" என்றார். நாற்காலி வாயைத் திறந்து விருந்தினரே என்று சொல்லிவிடக்கூடாதே என்ற பயம்.

நித்திலன் உட்கார்ந்துவிட்டான். நாற்காலி அவன் உயரத்துக்குத் தானாக எழும்பியது. கண் கூசாதபடி விளக்கு தணிந்தது. பெட்டி இனிமையான குரலில், "இரண்டாவது துடைப்பான் வீட்டுக்குள் வந்துவிட்டது" என்று அறிவித்தது.

சிங்காரவேலு தரையைச் சுற்றும்முற்றும் பார்த்தார். வீட்டில் இருந்ததே ஒரு துடைப்பான். அது மூலையில் சும்மா நின்றது.

"அது நான்தான் மாமா" என்றான் நித்திலன். "பெண் பார்க்க வந்தப்போ எல்லாரும் உள்ள போயிட்டீங்க. அவ என்ன சொல்றாளோன்னு எனக்கு இருப்புக் கொள்ளல. கம்பெனித் திறவுச்சொல்லைப் போட்டுப் பார்த்தேன், திறந்துக்கிச்சு. சந்தேகம் வரக்கூடாதுன்னு துடைப்பான்னு பேர் போட்டுக்கிட்டேன்."

"கம்பெனித் திறவுச்சொல்லா? என்ன அது?"

"ஒண்ணு ரெண்டு மூணு நாலு."

சிங்காரவேலு மூலையில் நின்ற துடைப்பானைப் பார்த்தார். "அப்போ... அந்த இட்லி..."

"கேட்டேன் மாமா. அன்னிக்கே எழுந்து போயிருப்பேன். அதுக்குள்ள இவ சொன்னதும் கேட்டுது. வேகாத இட்லின்னா வேக வச்சுக்கலாம்ப்பா, கருகினதைத்தான் ஒண்ணும் பண்ண முடியாதுன்னா. அதுக்கு அப்புறம்தான் இந்த வீட்டுல பெண் எடுக்கிறதுன்னு முடிவு பண்ணினேன்."

மகிழினி தலையைக் குனிந்து சிரித்தாள். பயந்தது நடந்து முடிந்தும் ஒன்றும் ஆகவில்லை என்பது சிங்காரவேலுவுக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. உறைத்ததும் நெஞ்சு லேசாகி, அந்த இடத்தில் மெல்லக் கோபம் வந்து குடியேறியது. அதற்குள் சௌந்தரம் காபி கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்த நித்திலன் புருவத்தை உயர்த்தினான்.

"சர்க்கரை கம்மியா, டிகாக்ஷன் தூக்கலா. எங்க வீட்டுலகூட அம்மாவுக்கு மட்டும்தான் இந்தப் பக்குவம் தெரியும். உங்களுக்கு யார் சொன்னா அத்தை?"

சௌந்தரம் சுவரைப் பார்த்தாள். "நிச்சயதார்த்தத்துக்கு உங்க வீட்டுக்கு வந்தேனே தம்பி. உங்க பெட்டியும் அதே கம்பெனிதானே."

"உனக்குத் திறவுச்சொல் தெரியுமா?" என்று கத்தினார் சிங்காரவேலு. "காலையிலேர்ந்து நான் சாமி பேரெல்லாம் சொல்லிக்கிட்டு நிக்கிறேன், வாயைத் திறக்கலையே நீ!"

"சொன்னா மாத்திடுவீங்களே."

அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. வீறாப்பாகப் பெட்டியிடம் போனார். ஒன்று இரண்டு மூன்று நான்கு என்றதும் அமைப்புகள் அகலத் திறந்தன. எவரும் ஊகிக்க முடியாதபடி எழுத்தும் எண்ணும் குறியும் கலந்த நீளமான திறவுச்சொல் ஒன்றை வைத்தார். பழைய திறவுச்சொல்லால் நுழைந்த எல்லாரும் அந்த நொடியே வெளியேறினார்கள். நித்திலனை மட்டும் மரியாதையாக அழைத்து ஐந்தாம் எண்ணைக் கொடுத்தார். அடுப்பு ஆறாம் எண்ணுக்கு நகர்ந்தது. தம் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வேலையைச் சொன்ன அன்றே முடித்த பெருமையில் இரண்டு முறுக்கு கூடுதலாகத் தின்றார்.

மாலையில் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு அற்புதசாமி முகம் வெளிறி நின்றார்.

"என்ன சிங்காரம், வீட்டுல எல்லாரும் சௌக்கியம்தானே? மத்தியானத்துலேர்ந்து உங்க வீடு கேக்கவே இல்லையே. காற்று வடிகட்டி நின்னுபோச்சோன்னு பதறிட்டேன்."

அவர் பின்னாலேயே பரிமளா வந்தாள். "முறுக்கு மாப்பிள்ளைக்குப் பிடிச்சுதா இல்லையான்னு தெரியறதுக்குள்ள நின்னுடுச்சு. எனக்கு ஒரு வேலையும் ஓடல. சொல்லுங்க, சாப்பிட்டாரா? கோவிச்சுக்கலையே?" கேட்கும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தெருக்கோடி வரை கதவுகள் திறந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

"எத்தனை காலமாய்யா நடக்குது இது?" என்றார் சிங்காரவேலு. அவருக்குக் காது மடல் சிவந்திருந்தது. "மனுஷன் வீட்டுக்குள்ள தும்ம முடியாது, இருமல்கூட ஊர்ச் சொத்தா?"

அற்புதசாமி கோபப்படவில்லை. "மகி சின்னப் பிள்ளையில காய்ச்சல்ல கிடந்தாளே, நினைவிருக்கா? நீ சுரங்கத்துல இருந்தே. சௌந்தரத்துக்குக் கை காலு ஓடல, யாரையும் கூப்பிடக்கூடத் தோணல. டாக்டர் தானா வந்து நின்னாரே. யார் அனுப்பினதுன்னு நினைச்சே?"

குலதெய்வம் அனுப்பியது என்றுதான் சிங்காரவேலு இத்தனை காலமும் நினைத்திருந்தார். ஒவ்வொரு வருடமும் அதற்காகப் பூசைகூடப் போட்டிருக்கிறார். அற்புதசாமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன், நீ எங்க வீட்டைக் கேட்டதே இல்லையா?" என்றார் அற்புதசாமி.

"எனக்குத்தான் திறவுச்சொல் தெரியாதே."

எல்லாரும் அவரை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

"அடப் பாவமே" என்றாள் பரிமளா. "இவ்வளவு காலம் தனியாவா அண்ணே இருந்தீங்க?"

கோடிக்கணக்கான மைல் தாண்டி வந்து, காற்றுக்கூட நுழையாத சுவர் எழுப்பி வாழ்ந்தும், அந்த ஊரில் உண்மையிலேயே சுவருக்குள் இருந்தவர் சிங்காரவேலு ஒருவர்தான். அவர் கூடத்துக்குப் போனார். நீளமான திறவுச்சொல்லை அழித்துவிட்டு, ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று பழையபடி வைத்தார். தெருவில் ஒரே சமயத்தில் பல செவிமணிகள் ஒலித்தன. பெட்டியின் குரலில் முதல்முறையாகக் கொஞ்சம் கவலை தெரிந்தது.

"இந்தத் திறவுச்சொல்லை எவரும் எளிதில் ஊகித்துவிடலாம். இப்போதே மாற்ற விரும்புகிறீர்களா?"

சிங்காரவேலு இம்முறை அந்த வாக்கியத்தைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"நாளைக்கு" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பரிமளா வீட்டில் என்ன குழம்பு என்று கேட்கத் தொடங்கினார்.