ஐந்தாவது படம்

ஐந்து படங்களில் கடைசியில் மட்டும், மாடிப்படிக்குக் கீழிருந்த சாமான் அறைக் கதவில் காற்றுக்காக விட்டிருந்த ஓட்டையில், வெள்ளையாக ஏதோ கலங்கித் தெரிந்தது.

விற்பனைக்கு வரும் வீடுகளைப் படமெடுப்பதுதான் அவள் பிழைப்பு. ஜன்னலில் வெயில் கொளுத்த, மூலையில் இருட்டு அப்பிக் கிடக்கும் கூடத்தை ஒரே படத்தில் பிடிக்க முடியாது. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, இருட்டாக, கொஞ்சம் வெளிச்சமாக, இன்னும் வெளிச்சமாக என்று ஐந்து எடுத்து, லேப்டாப்பில் ஒன்றாக்குவாள். இடையில் எது அசைந்தாலும் இப்படித்தான் பேய்போலக் கலங்கி விழும். ஒரு பொத்தானைத் தட்டினால் மறைந்துவிடும்.

ஆளில்லாத கூடத்தில் எது அசைந்தது?

வீட்டுக்காரர் சமையலறையில் அவளுக்காக டீ போட்டுக்கொண்டிருந்தார். தங்கமான மனிதர். மனைவியும் பெண்ணும் கோபித்துக்கொண்டு போய் இரண்டு வருடமாகிறது, தனி ஆளுக்கு எதற்கு இவ்வளவு பெரிய வீடு என்று வாசலிலேயே சொல்லியிருந்தார். கோப்பையில் கரண்டி உரசும் ஓசை, புது பெயின்ட் வாசனை, அதற்கு அடியில் ஈரத்துணி மக்கியதுபோல் இன்னொரு வாசனை.

கேமராவைக் கதவுக்கு நேராகத் திருப்பி, ஷட்டரைப் பத்து விநாடி திறந்து வைத்து எடுத்தாள். திரையில் நிழலை மட்டும் வெளுக்க வைத்தாள்.

விரல்கள். நான்கு. நகங்கள் இல்லை.

நிமிர்ந்தாள். ஓட்டை வழியே இன்னொரு கை நீண்டிருந்தது. சின்னக் கை. மெல்ல அசைந்தது. கூப்பிடவில்லை. போ, போ என்றது.

கரண்டி ஓசை நின்றிருந்தது.

"படம் நல்லா வந்திருக்காம்மா?"

தோளுக்குப் பின்னால் அவர். குனிந்து திரையைப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை.

"வெளிச்சம் ஜாஸ்தியா இருக்கே. அழிச்சிடும்மா."

அழித்தாள். அவர் சொல்லாத மற்ற ஐந்தையும் அழித்தாள். யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்றாள். தனக்கும் ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்றாள்.

அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். டீயை மேசையில் வைத்தார். அவள் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். வாசல் கதவைத் தாழிட்டார்.

பிறகு சாமான் அறையைத் திறந்தார்.

உள்ளே இருந்த இருவரும் ஓடி வரவில்லை. ஏறிட்டும் பார்க்கவில்லை. தாயும் மகளும், பழகியவர்கள்போல், முழங்கால்களை இன்னும் ஒடுக்கிக்கொண்டு, சுவரோரமாக நகர்ந்து, அவளுக்கு இடம் விட்டார்கள்.