எருதுத்திமில் பாறையில் ஏழு சொட்டு

முப்பது லிட்டர் தண்ணீரை முதுகில் சுமந்துகொண்டு எருதுத்திமில் பாறையில் ஏறப்போகிறோம் என்று யசோதா சொன்னபோது, ஊரில் பாதிப்பேர் சிரித்தார்கள். மீதிப்பேர் பாவம் என்று பார்த்தார்கள். அவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விடிந்ததும் விடியாததுமாக ஓடையில் கேன்களை நிரப்பி, முதல் ஆளாக நடக்கத் தொடங்கினாள்.

காரணம் இருந்தது. ஜவ்வாது மலையின் அந்தப் பக்கத்தில் கடைசியாக நின்ற பெரிய குங்கிலிய மரம் போன ஆண்டு இடி விழுந்து எரிந்துபோயிற்று. குங்கிலிய விதையைப் பெட்டியில் போட்டுப் பாதுகாக்க முடியாது. விழுந்த சில நாட்களுக்குள் மண்ணைத் தொடாவிட்டால் செத்துப்போகும். தாவர ஆராய்ச்சி செய்யும் யசோதா, எரிந்த மரத்தடியில் பொறுக்கிய விதைகளை முளைக்க வைத்து, ஆடுமாடும் காட்டுத்தீயும் எட்ட முடியாத அந்தப் பாறையின் இடுப்பு மேடையில் முப்பத்தொரு கன்றுகளாக நட்டாள். மழை பார்த்துக்கொள்ளும் என்று நம்பினாள். மழை ஏமாற்றிவிட்டது. சித்திரை வெயில் பாறையை அடுப்பாக்கிக்கொண்டிருந்தது.

கூட வந்தவர்கள் இரண்டே பேர். மலை மருத்துவ நிலையத்தில் பதினைந்து ஆண்டுகளாக நர்சாக இருக்கும் டெய்சிராணி ஒருவர். தேதி கடந்துபோனதால் ஒதுக்கி வைத்திருந்த டிரிப்ஸ் டியூப்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். நோயாளிக்குச் சொட்டுச்சொட்டாக ஏற்றுவதைச் செடிக்கும் ஏற்றினால் என்ன என்பது அவருடைய யோசனை. மற்றவன் சடையன், தேன் எடுப்பவன். அவன் தோளில் கயிறும், கேனிலிருந்து கன்றுகளுக்கு நீட்ட மெல்லிய பிளாஸ்டிக் குழாய்ச் சுருளும் தொங்கின.

மூன்று மணி நேரம் ஏறி மேடையை அடைந்தார்கள். யசோதா கன்றுகளை எண்ணினாள். பத்தொன்பதுதான் பச்சையாக இருந்தன. அவையும் இலை சுருண்டு, தலை தொங்கி நின்றன. இந்த முப்பது லிட்டர் மூன்று நாளைக்குத் தாங்கும். நான்காம் நாள்? மூன்று நாளைக்கு ஒருமுறை மூன்று பேர் இப்படி ஏற முடியுமா? டெய்சிராணி கன்றுகளைச் சுற்றிச் சருகைப் பரப்பி, அதன்மேல் தட்டைக் கற்களை அடுக்கத் தொடங்கினார். இருக்கிற ஈரமாவது நிற்கட்டும்.

சடையன் மட்டும் வேலை செய்யாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். பாறை நெற்றியில் மலைத்தேனீக்களின் கூடுகள் கரும்பலகைகள்போல் தொங்கின. அங்கிருந்து தேனீக்கள் ஒரே கோடாகக் கிளம்பி, நாற்பதடி உயரத்தில் இருந்த ஒரு பிளவுக்குள் மறைந்தன.

"அது பூவுக்குப் போற போக்கு இல்ல மேடம். பூவுக்குன்னா அலைஞ்சு அலைஞ்சு போவும். இது உச்சி வெயில்ல நூல் புடிச்சாப்ல போவுது. உள்ள தண்ணி இருக்குது."

யசோதா பிளவைப் பார்த்தாள். செங்குத்தான பாறை. கீழே எண்ணூறு அடிப் பள்ளம். அவளுக்கு உயரம் என்றாலே குலை நடுங்கும். ஆனாலும் இடுப்பில் கயிற்றைக் கட்டச் சொன்னாள்.

சடையன் முன்னால் ஏறிக் கயிற்றை ஒரு பாறை முளையில் இறுக்கினான். யசோதா பின்னால் ஏறினாள். பாதி வழியில் காலடிக் கல் உதிர்ந்தது. ஒரு கணம் அவள் அந்தரத்தில் ஊசலாடினாள். கயிறு நெரித்தது, முழங்கால் பாறையில் உரசிக் கிழிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, விரல் நுழைந்த இடத்தில் பிடித்து மறுபடி ஏறினாள். பிளவுக்குள் பக்கவாட்டில் உடம்பை நுழைத்ததும் முகத்தில் ஈரக்காற்று மோதியது.

உள்ளே பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பாறையின் வயிற்றில் ஒரு மண்டபம் இருந்தது. கூரையின் இடுக்கு வழியாக ஒரே ஒரு வெயில் கீற்று இறங்க, அதன் அடியில் ஒரு சுனை. அடிக்கல்லின் ஒவ்வொரு வரியும் தெரியும் அளவுக்குத் தெளிந்த தண்ணீர். கூரையிலிருந்து சொட்டு விழ, வட்டம் விரிந்து கரையைத் தொடும். தொடுவதற்குள் அடுத்தடுத்த சொட்டு. எந்தக் காலத்து மழையோ, கல்லுக்குள் வழி தேடித் தேடி இப்போதுதான் வந்து சேர்கிறது! வெளியே ஒரு மலையே தாகத்தில் வெடித்துக்கொண்டிருக்க, உள்ளே இது யாருக்கும் தெரியாமல் சொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. சுனையின் விளிம்பு முழுக்க ஆயிரக்கணக்கான தேனீக்கள் வரிசையாகக் குனிந்து குடித்துக்கொண்டிருந்தன. அவற்றின் சிறகுகள் வெயில் பட்டு மினுங்கின. யசோதாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோயில் கருவறையில்கூட அவள் இப்படிக் கைகூப்ப மறந்து நின்றதில்லை.

"கைய வீசாதீங்க. மூச்சக்கூட அது மேல விடாதீங்க" என்று சடையன் காதருகே முணுமுணுத்தான்.

அவசரப்பட்டுக் குழாயைப் போடவில்லை. முதலில் பையிலிருந்த ஒரு டம்ளரைச் சொட்டுக்கு அடியில் பிடித்தார்கள். நிறையப் பத்து நிமிடம் ஆயிற்று. அப்படியானால் ஒரு நாளைக்கு முப்பது லிட்டர்போல ஊறுகிறது. பத்தொன்பது கன்றுக்கு அரை லிட்டர் வீதம் பத்து லிட்டர் போதும். மூன்றில் ஒரு பங்கு. மீதி, இதுவரை குடித்தவர்களுக்கு.

யசோதா மண்டியிட்டு, குழாய்ச் சுருளை அங்குலம் அங்குலமாக நீருக்குள் அமிழ்த்தினாள். குழாய்க்குள் இருந்த காற்று குமிழியாக வெளியேறும்வரை அசையவில்லை. ஒரு தேனீ அவள் மணிக்கட்டில் ஏறி, முழங்கைவரை நடந்து, திரும்பி வந்து பறந்துபோயிற்று. அவள் கண்கூட இமைக்கவில்லை. ஒரு முனையைக் கல் கட்டி அடியில் நிறுத்தி, மறுமுனையைக் கட்டைவிரலால் அடைத்தபடியே சடையனிடம் கொடுத்தாள். அவன் அதை மடித்துக் கட்டிக் கீழே இறக்கினான்.

கீழே டெய்சிராணி அடைப்பைத் தளர்த்தியதும் தண்ணீர் பீறிட்டுச் சேலையை நனைத்தது. மேலிருக்கும் நீர் தானாகவே இறங்கி வந்தது. இஞ்சினும் இல்லை, இறைப்பும் இல்லை. குழாயை மேடை நெடுக ஓடவிட்டு நுனியை மடித்துக் கட்டினார்கள். கன்றுக்கு ஓர் இடமாகச் சூடான ஊசியால் துளையிட்டு டிரிப்ஸ் டியூப்பைச் செருகினார்கள். டெய்சிராணி ஒவ்வொரு கன்றின் முன்னாலும் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, டியூப்பில் இருந்த சின்னச் சக்கரத்தை உருட்டினார். நிமிடத்துக்கு ஏழு சொட்டு, ஒரு நாளைக்கு அரை லிட்டர். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட்டார்கள்.

அதன்பின் வாரத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் ஏறினார். ஒரு வாரம் குழாயில் காற்று அடைத்துத் தண்ணீர் நின்றிருந்தது. இன்னொரு வாரம் அணில் டியூப்பைக் கடித்திருந்தது. இரண்டு கன்றுகள் போய்விட்டன. நாற்பத்தொன்றாம் நாள், ஆனி பிறந்த வாரத்தில், மழை இடித்துக்கொண்டு வந்தது.

மழை விட்டதும் மூவரும் மேலே போனார்கள். பதினேழு கன்றுகள். ஒவ்வொன்றின் நுனியிலும் செம்பு நிறத்தில் புதுத் தளிர். யசோதா குழாயைச் சுருட்டி எடுத்தாள். சுனைக்குள் மனிதர் வந்துபோன சுவடே இல்லாமல் செய்துவிட்டுத்தான் இறங்கினாள்.

ஊர் எல்லையில் கூட்டம் காத்திருந்தது. அன்றைக்குச் சிரித்தவர்களே மாலையோடு நின்றார்கள். எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டார்கள். யசோதா பாறையைக் காட்டினாள்.

"தண்ணி மேலதான் இருந்துச்சு. அதக் குடிச்சிட்டிருந்தவங்க வழி காட்டினாங்க. நாங்க கேட்டு வாங்கிக்கிட்டோம், அவ்ளோதான்."

சடையன் தன் தேன்காரக் கூட்டாளிகளைத் திரும்பிப் பார்த்தான். தேன் எடுக்கும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பாறையில்தான் எப்போதும் அதிகம் கிடைக்கும்.

"இந்த வருஷம் எருதுத்திமில்ல புகை போட வேணாம்" என்றான்.

கூட்டாளிகள் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள்.