வெட்டின இடத்தில் ஒரு மூச்சு

ஆம்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே தோல் வாடை நிஷாவின் மூக்கில் ஏறியது. உச்சி வெயில். ஆட்டோ பிடித்துப் பாலாற்றுப் பக்கமிருந்த தோல் தொழிற்சாலைக்குப் போனாள். விபத்துக்குப் பிறகு அது மூடிக்கிடந்தது. வாட்ச்மேன் சர்தார் பாஷா கேட்டைத் திறந்துவிட்டார்.

"தொட்டியாண்ட ஜாஸ்தி நேரம் நிக்காதீங்க மேடம்," என்றார். ஏனென்று சொல்லவில்லை.

நிஷா படத்தொகுப்பாளர். அந்தக் கம்பெனிக்காக அவள் தொகுத்த படத்தில் ஒரே ஓர் இடத்தில், என்ன செய்தும் போகாத சத்தம் கேட்கிறதாம். யாரோ மூச்சு வாங்குகிற சத்தம். தொட்டியருகே உள்ள வெறும் அமைதியைப் புதிதாகப் பதிவு செய்து, அந்த இடத்தில் போட்டு மூடச் சொல்லியிருந்தார்கள்.

எந்த இடம் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும்.

கழிவுத் தொட்டிக்குள் விஷவாயு தாக்கிச் செத்துப்போன தொழிலாளி கோபி. அவன் அம்மா எல்லம்மா கேமரா முன்னால் சொன்னது இது: "என் புள்ள தானா எறங்குனான்னு சொல்றாங்க. பொய். சூப்பர்வைசர்தான் எறங்கச் சொன்னாரு."

நிஷா "எறங்குனான்" என்பதோடு நறுக்கினாள். உதட்டசைவு காட்டிக்கொடுக்காமலிருக்க, அங்கே தொட்டியின் காட்சியை வைத்து மறைத்தாள். பேச்சு பட்டென்று அறுவது தெரியாமலிருக்க, அடியில் கொஞ்சம் அமைதியை ஓடவிட்டாள். ஒட்டே தெரியவில்லை.

என் புள்ள தானா எறங்குனான்.

விசாரணைக்கு வந்தவர்களுக்கு அதைத்தான் போட்டுக் காட்டினார்கள். பெற்றவளே சொல்லிவிட்டாள், அப்புறம் என்ன? வேலை சுத்தமாக முடிந்த திருப்தியில் நிஷா அன்று நன்றாகத் தூங்கினாள். அதை நினைக்கும்போதுதான் இப்போது உடம்பு கூசியது.

தொட்டி காய்ந்து கிடந்தது. சுண்ணாம்பும் அழுகலும் கலந்த நாற்றம். ஓரமாக மைக்கை வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். காற்று. ஹைவேயில் லாரி. வெயிலில் கூரைத் தகரம் முறுக்கிக்கொள்ளும் சத்தம்.

பிறகு எல்லாம் நின்றது.

காற்றுகூட.

யாரோ மூச்சை இழுத்தார்கள். விடவில்லை.

மறுபடியும் இழுத்தார்கள்.

ஹெட்போனைக் கழற்றினாள். லாரிச் சத்தம் எப்போதும்போல் கேட்டது. மாட்டினாள். மூச்சு இப்போது கிட்டத்தில், மைக்கில் உதடு உரசுகிற தூரத்தில்.

"...ன்னு சொல்றாங்க."

அவள் வெட்டியெறிந்த மிச்சம்.

ஆனால் அது எல்லம்மாவின் குரல் இல்லை. ஆம்பளைக் குரல்.

மைக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். லாட்ஜில் உட்கார்ந்து, எல்லம்மாவின் பேச்சை முழுதாக ஒட்டி, விசாரணைக்காரர்களுக்கு அனுப்பினாள். மறுநாள் காலையில் எல்லம்மாவின் வீட்டைத் தேடிப் போனாள். அந்த அம்மா அவளைப் பார்த்ததே இல்லை; பெயரும் தெரியாது.

"உங்க பேச்சை வெட்டினது நான்தாம்மா. என்னை மன்னிச்சிடுங்க."

எல்லம்மா எழுந்து கிட்டே வந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"என் வாயாலயே என் புள்ள மேல பழிய போட வெச்சிட்டியே மேடம்," என்றாள்.

"இப்ப முழுசா இருக்கும்மா. கேளுங்க."

மடிக்கணினியைத் திறந்து, ஹெட்போனை நிஷாவே அவள் காதில் மாட்டிவிட்டாள். திரையில் எல்லம்மாவின் உதடுகள் "பொய்" என்றன. தொட்டியின் காட்சி அங்கே இல்லை. படம் முடிந்தது. திரை கறுத்தது.

எல்லம்மா ஹெட்போனைக் கழற்றவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"முடிஞ்சிடுச்சும்மா," என்றாள் நிஷா.

சும்மா இரு என்பதுபோல் கையை உயர்த்தினாள் எல்லம்மா.

"கோபி கொரலு மேடம். என் புள்ளதான்... நிஷா, நிஷான்னு கூப்டுக்கினே இருக்கான்."

நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு மேடம் அந்தப் பொண்ணு?"