பசித்தவர்களின் பங்கு

"இன்னும் கொஞ்சம்தான். வந்தாச்சு" என்றாள் அக்கா.

மிரானுக்குச் சுருக்கென்றது. வார்த்தையில் குற்றம் இல்லை. கொரியாவின் ஜிரி மலையில் ஏறுகிற எவர் காதிலும் நாள் முழுக்க விழுகிற வார்த்தைதான். ஆனால் அதைச் சொல்கிறவர்கள் எப்போதும் மேலேயிருந்து இறங்கி வருகிறவர்கள். உச்சிக்கு இன்னும் அரை நாள் நடை பாக்கி இருந்தாலும், வாய் கூசாமல் "வந்தாச்சு, வந்தாச்சு" என்பார்கள். அந்தப் பொய்யைக் கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறியவர்களே, இறங்கும்போது அதை அடுத்தவர் தலையில் கட்டுவார்கள். மலையின் மரியாதை அது. கூடவே ஏறுகிறவர்கள் மட்டும் சொல்வதில்லை. நாக்குத் தள்ள ஏறிக்கொண்டிருப்பவருக்கு எது பக்கம், எது தூரம் என்று என்ன தெரியும்? அங்கிருந்து வருகிறவர்களுக்குத்தான் தெரியும்.

இன்சுக் அக்காவுக்கு நாக்குத் தள்ளவில்லை. மூச்சுகூட வாங்கவில்லை.

மிரான் இரண்டு எட்டு பின்தங்கி, அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அதற்காகத்தான் வந்திருந்தாள். போன இலையுதிர் காலத்தில், மலையேறும் சங்கத்தாரோடு வந்த அக்கா பனிமூட்டத்தில் காணாமல் போனாள். ஊரே தேடியது. தேடி ஓய்ந்து, எல்லோரும் தணிந்த குரலில் பேசத் தொடங்கிவிட்ட பிறகு, ஒரு காலையில் தானாகவே அடிவாரத்துக்கு இறங்கி வந்து நின்றாள். காலில் ஒரு கொப்புளம் இல்லை. தெய்வம் காப்பாற்றியது என்று கட்டிப்பிடித்து அழுதவர்களில் மிரானும் ஒருத்தி.

அக்காவின் மகள் ஹாரம் மட்டும் அழவில்லை. எட்டு வயதுப் பிள்ளை. ஒரு சாயங்காலம் வீட்டுச் செருப்போடு மிரானின் வாசலில் வந்து நின்றது. "சித்தி, அது அம்மா இல்ல" என்றது. அப்பாவும் இல்லாத பிள்ளையை அன்றிலிருந்து மிரான் தன்னோடுதான் வைத்திருக்கிறாள். குளிர்காலம் முழுக்க அக்கா பொறுமையாக இருந்தாள். ஒரு தாய்க்கு இருக்கக் கூடாத பொறுமை. காட்டுத்தீக்குப் பயந்து மூடியிருந்த பாதைகள் போன வாரம் திறந்ததும் வந்து சொன்னாள்: "அடுத்த வாரம் ஹாரமை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். அதுக்கு முன்னால நாம ரெண்டு பேரும் ஒரு தடவை மலைக்குப் போயிட்டு வந்துடலாம்."

மிரான் சரி என்றாள். மலையில் யாராலும் வெகுநேரம் நடிக்க முடியாது. இவள் அக்காதான் என்று மனம் ஒப்பிவிட்டால், பிள்ளையைக் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். இல்லையென்றால்? அந்த இடத்துக்கு அப்பால் அவள் யோசிக்கவில்லை. யோசிக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

மேலேயிருந்து நான்கைந்து பெண்கள் கலகலவென்று இறங்கி வந்தார்கள். முகத்தை மறைக்கிற அகலத் தொப்பி, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் சட்டை. முன்னால் வந்தவள் பையிலிருந்து வெள்ளரிக்காயை ஒடித்து நீட்டினாள்.

"இந்தா தங்கச்சி, கடிச்சுக்கோ. வேர்த்து ஊத்துதே உனக்கு!"

"உச்சி இன்னும் ரொம்பத் தூரமா அக்கா?"

"அட, இதோ வந்தாச்சு! அந்தத் திருப்பம்தான்."

"இவ பேச்ச நம்பாதம்மா" என்று பின்னால் வந்தவள் சிரித்தாள். "இவ காலையில இருந்து எல்லாருக்கும் அந்தத் திருப்பத்தையே காட்டிட்டு வர்றா."

மிரானும் சிரித்துவிட்டாள். மனிதச் சிரிப்புக்கு எவ்வளவு ஏங்கியிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெண் அக்காவுக்கும் ஒரு துண்டை நீட்டினாள். அக்கா வாங்கிக்கொண்டாள். வாங்கிய துண்டு வாயருகே போகவே இல்லை. வெகுநேரம் கழித்துப் பார்த்தபோதும் அவள் விரல்களுக்கிடையே அப்படியே இருந்தது.

பெண்களின் பேச்சு கீழே தேய்ந்து மறைந்ததும், அக்கா பாதையோரக் கயிற்றைத் தாண்டினாள்.

"அக்கா, அது மூடின பாதை. பிடிச்சா அபராதம் போடுவாங்க."

"யாருடி பிடிக்கப் போறா? போன தடவையும் இதுலதான் போனேன். எங்க தொலைஞ்சேன்னு பாக்கணும்னுதானே வந்த?"

மிரான் அப்படி வாய்விட்டு ஒரு நாளும் கேட்டதில்லை. திரும்பிவிடலாம். ஆனால் வெறும் சந்தேகத்தோடு திரும்பினால், நாளை மறுநாள் பிள்ளையை இவளோடு அனுப்ப வேண்டும். கயிற்றைத் தாண்டினாள்.

உள்ளே போகப் போகப் பனி இறங்கியது. முதலில் மரங்களின் தலையைத் தின்றது, பிறகு இடுப்பை. ஊசியிலை மரங்களின் பிசின் வாசனையும், நனைந்து மக்கிய இலைகளின் வாசனையும் வந்தன. அவற்றுக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று, வெகுநாள் திறக்காத புளித்த காய்ப் பானையைத் திறந்தது போல லேசாக மூக்கைத் தொட்டு விலகியது. முழங்கால் உயரத்துக்குக் குட்டை மூங்கில் புதர் பாதையை மூடிக் கிடந்தது. மிரான் நடந்தால் அது சலசலத்தது. அவள் கால்சட்டை தொடைவரை நனைந்து கனத்தது. அவள் நின்றால் சலசலப்பு நின்றது. முன்னால் அக்கா நடந்துகொண்டுதான் இருந்தாள்.

புதர் மிரானுக்கு மட்டும்தான் சலசலத்தது.

அதைக் கவனித்த பிறகு கவனிக்காமல் இருக்க முடியவில்லை. வேண்டுமென்றே நின்று பார்த்தாள். அக்காவின் முதுகு சத்தமில்லாமல் போனது. பிறகு அதுவும் நின்றது.

"என்னடி, காலு வலிக்குதா?"

"பசிக்குது" என்றாள் மிரான். வாயில் வந்ததைச் சொன்னாள்.

ஒரு தட்டைப் பாறையில் உட்கார்ந்தார்கள். மிரான் டப்பாவைத் திறந்தாள். விடியற்காலையில் எழுந்து, கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டி நறுக்கிய கிம்பாப். நறுக்கும்போது கத்தி பட்ட விரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தாள். நல்லெண்ணெய் வாசனை குப்பென்று எழுந்தது. அந்த வாசனையிலேயே அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. வீட்டு வாசனை, பிள்ளை சாப்பிடும் வாசனை.

மலையில் பொட்டலம் பிரித்தால் முதல் துண்டு நமக்கில்லை. "கோசுரே!" என்று குரல் கொடுத்துக் காட்டுக்குள் எறிய வேண்டும். கேட்க ஆளில்லாமல், பெயர்கூட இல்லாமல், பசியோடு அலைகிறவர்களின் பங்கு அது. எறிந்ததை எறும்பு தின்னலாம், காக்கை தின்னலாம். மனிதர் யாரும் தொடமாட்டார்கள். மறந்துபோய் முதல் துண்டை வாயில் போட்டுக்கொண்ட சங்கத்து ஆண்களை அக்கா ஒருகாலத்தில் உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கிறாள்.

மிரான் ஒரு துண்டை எடுத்தாள். "கோசுரே" என்றாள். எறிந்தாள். புதருக்குள் எங்கோ மெத்தென்று விழுந்தது.

அக்கா எழுந்தாள்.

புதருக்குள் போய்க் குனிந்தாள். முதுகு வளைந்திருந்தது. தோள்பட்டை அசைந்தது. மெல்லுகிற சத்தம் கேட்டது. ஈரமான, அவசரமான சத்தம். திரும்பி வந்தபோது அவள் உதட்டோரத்தில் ஒரு சோற்றுப் பருக்கையும் கொஞ்சம் மண்ணும் ஒட்டியிருந்தன. பாறைமேல் திறந்திருந்த டப்பாவை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"அக்கா... அது அவங்க பங்கு."

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"டப்பாவுல இருக்கிறத எப்படிடி எடுக்கிறது? எறிஞ்சாத்தானே எங்களுது." உதட்டுப் பருக்கையை நாக்கால் வழித்துக்கொண்டாள். "போன வருஷம் எறிஞ்சியே, அது இதைவிட ருசி. கண்ணீர் பட்டிருந்துச்சுல்ல."

மிரானுக்கு அது நினைவிருந்தது. தேடிய நாட்களில் ஒரு மத்தியானம், மற்றவர்களை விட்டு விலகி, இதே மலை முகட்டில் நின்று அவள் தன் சோற்றுப் பொட்டலம் முழுவதையும் பனிக்குள் அள்ளி எறிந்தாள். கோசுரே என்று சொல்லவில்லை. யாருக்கோ கொடுக்க அவளுக்கு மனசு இல்லை. அக்காவுக்கு மட்டும் போய்ச் சேர வேண்டும் என்று நெஞ்சு வெடிக்கக் கத்தினாள். "இன்சுக் அக்கா! வந்து சாப்பிடு! வீட்டுக்கு வா!"

அந்தச் சோற்றைப் பெயர் சொல்லி யாரும் எறிவதில்லை. ஏன் என்று அவள் கேட்டதும் இல்லை, யாரும் சொன்னதும் இல்லை.

"ஒரு பேரு" என்றது எதிரே நின்றது, ஆசையோடு. "இத்தனை வருஷத்துல எங்க யாருக்கும் ஒருத்தர்கூட ஒரு பேரு தந்ததில்ல. நீதான் தந்த. வீட்டுக்கு வேற கூப்பிட்ட."

"என் அக்கா எங்க?"

"அதோ. உனக்குக் காட்டத்தானே கூட்டிட்டு வந்தேன்."

தட்டைப் பாறைக்குப் பின்னால், இரண்டு பெரும் பாறைகள் சாய்ந்து ஒட்டிய இடத்தில், ஆள் ஒருவர் உட்காரும் அளவுக்கு ஒரு பொந்து. உள்ளே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, முகத்தைப் பாறைச் சுவரில் புதைத்து. குளிரும் காற்றும் அவளைச் சின்னதாக்கியிருந்தன. சிவப்புக் காற்றுச்சட்டை வெளுத்திருந்தது. முழங்காலில் நீலப் பட்டை. மிரான் அக்காவின் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த பட்டை.

திரும்பிப் பார்த்தாள். எதிரே நின்றதன் முழங்காலிலும் அதே நீலப் பட்டை.

அழுகை வந்தது. அக்காவுக்காக வந்த அழுகை. அவள் இங்கே உட்கார்ந்திருக்க, குளிர்காலம் முழுக்க வேறொன்றுக்குச் சூப் ஊற்றிக் கொடுத்தோமே என்கிற அழுகை. பிறகுதான் பயம் வந்தது. பிள்ளை. பிள்ளை சொன்னது நிஜம். ஓட வேண்டும். பிள்ளையை எடுத்துக்கொண்டு எங்காவது ஓட வேண்டும்.

ஓடினாள்.

மூங்கில் வேர் காலை வாரியது. கணுக்காலில் ஏதோ மளுக்கென்றது. முகம் மண்ணில் அடித்தது. வலியில் கண் இருண்டது.

தலையைத் தூக்கினாள். பனி அசைந்தது. பனிக்குள் நின்றிருந்தார்கள். எத்தனை பேர் என்று தெரியவில்லை. முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காத்திருப்பு. புதர் சலசலக்கவில்லை.

"இவங்களுக்கும் ரொம்ப வருஷமாப் பசி" என்றது அக்காவின் குரல். "ஹாரம் எங்கிட்ட வரமாட்டேங்குது, மிரான். என்ன செஞ்சும் வரமாட்டேங்குது. உங்கிட்டன்னா ஓடி வரும்."

"வேண்டாம்" என்றாள் மிரான். "வேண்டாம்."

அது டப்பாவைக் கவிழ்த்தது. கீழே விழுந்த துண்டுகளில் ஒன்றை எடுத்தது. கையை ஓங்கியது. பனிக்குள் எறிந்தது.

"மிரான்! வந்து சாப்பிடு! வீட்டுக்கு வா!"

அமைதி.

மெல்லுகிற சத்தம்.

பிறகு ஒரு பெண் குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதோ வந்துட்டேன் அக்கா" என்றது.

மிரான் அலறினாள். வாய் திறந்தது, தொண்டை நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை. அவள் குரல் இப்போது அங்கே, பனிக்குள் இருந்தது.

பாறைமேல் கிடந்த மிரானின் பையில் செல்போன் அடித்தது. பனியை விலக்கிக்கொண்டு ஒரு கை வந்து எடுத்தது. காலையில் கிம்பாப் நறுக்கும்போது கத்தி பட்ட விரல். அதில் ஈரம்கூடக் காயாத அதே பிளாஸ்டர்.

"சித்தி! எப்ப வருவீங்க?"

"இறங்கிட்டே இருக்கோம் கண்ணு."

"அவங்களும் வர்றாங்களா?"

"வந்தா என்ன?" மிரானின் குரல் சிரித்தது. மிரானைப் போலவே, முடிவில் கொஞ்சம் மூக்கால் சிரித்தது. "நீ எதுக்கும் பயப்படாத. சித்திதான் கூட இருக்கேன்ல."

போனில் பிள்ளை பெருமூச்சு விடுவது மலை முழுக்கக் கேட்டது.

"சரி சித்தி" என்றது ஹாரம். "அப்ப நான் போய்க் கதவத் திறந்து வெக்கிறேன்."