பழசு எந்தப் படம்?

காலை ஏழு மணி. கட்டபெட்டு சபைக் கூடத்துச் சுவரில் ஐந்து படம் இருந்த இடத்தில் நாலுதான் இருந்தன. நடுவில் ஆணி மட்டும் துருத்திக்கொண்டிருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் பாலாமணிக்குக் கோடை சீசன் பந்தோபஸ்தில் ஒரு வாரமாகத் தூக்கமில்லை. கூடத்துச் செயலர் ஜஸ்டஸோ புகாரும் கையுமாக வாசலிலேயே நின்றார். முதல் பந்திக்கு நிற்பவர்கூட அவ்வளவு சுறுசுறுப்பாக நிற்கமாட்டார்.

"விலைமதிப்பில்லாத படமுங்க மேடம். ஆயிரம் கோடி வருசத்துப் பழசு. பூட்டு உடையலீங்க. தபித்தாளைக் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிட்டனுங்க."

தபித்தாள் கூடத்தைக் கூட்டிப் பூட்டுகிறவர். புருஷன் போன பிறகு, கூடத்துக்குப் பின்னாலிருக்கும் அந்த ஒற்றை அறைதான் அவருக்கு எல்லாம்.

சாவி அவரிடம் ஒன்று, படம் மாட்டிய சில்வஸ்டரிடம் ஒன்று, ஜஸ்டஸிடம் ஒன்று. பாலாமணி கொட்டாவியை அடக்கிக்கொண்டு மூவரையும் விசாரித்தார்.

முந்தின மாலை பேராசிரியர் யூனிஸ் அந்தக் கூடத்தில் கேலக்ஸிகளை, அதாவது நட்சத்திரக் கூட்டங்களைப் பற்றிப் பேசியிருக்கிறார். பேச்சுக்காக மாட்டிய அந்தப் படங்களுக்குக் கீழே விவரச் சீட்டு இன்னும் ஒட்டவில்லை. சில்வஸ்டர் புரொஜக்டரை விட்டு நகரவில்லையாம். தபித்தாள் கூட்டம் எப்போது கலையுமென்று கடைசி பெஞ்சில் காத்திருந்தாராம்.

"பழசுக்கு வேற பிரதியே இல்லைன்னு புரபசர் சொன்னாங்க. அதோட நான் டீ வாங்கப் போயிட்டனுங்க. வர்றப்ப கூட்டம் முடிஞ்சிருச்சு" என்றார் ஜஸ்டஸ்.

ஒன்பது மணிக்கு யூனிஸ் வந்தார். பதறுவார் என்று பார்த்தால், ஆணியைப் பார்த்துவிட்டுக் குடையை மடக்கினார்.

"போனது நமக்குப் பக்கத்துல இருக்கற கேலக்ஸியோட படமுங்க. அந்தப் பெரிய சக்கரம் காலண்டர்லகூட வரும். பழசு அங்க இருக்கு."

சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் சின்னச் சட்டம். உள்ளே சிந்திய பாலைப்போல ஒரு திட்டு.

எட்ட இருப்பதன் ஒளி வந்துசேர யுகமாகும். அதனால் எட்டப் பார்ப்பது பழங்காலத்தைப் பார்ப்பது என்று யூனிஸ் விளக்கினார். அந்தக் காலத்து கேலக்ஸிகள், தூரத்தால் சிறுத்துத் தெரிவதைக் கழித்துப் பார்த்தாலும், சின்னவை, கோணல்மாணலானவை. ஒன்றையொன்று விழுங்கிப் பெருத்துத்தான் பிற்பாடு பல சக்கரமாயின, சில உருண்டையாயின. இவ்வளவும் நேற்றுப் பேச்சின் பின்பாதியில் சொன்னதாம்.

பாலாமணி திரும்பினார்.

"சில்வஸ்டரும் தபித்தாளும் கடைசிவரைக்கும் கேட்டவங்க. திருடியிருந்தா சின்னதை எடுத்திருப்பாங்க. பெருசுதான் பழசுன்னு நினைச்சது, பாதியில எந்திரிச்சுப் போனவர் ஒருத்தர்தான். படம் எங்கீங்க ஜஸ்டஸ்?"

ஜஸ்டஸ் சுவிட்ச் போர்டுப் பக்கத்துச் சின்னச் சட்டத்தை எட்டிப் பார்த்தார்.

"பழசுன்னா பெருசாத்தானுங்களே இருக்கோணும்?"

படம் அவர் வீட்டுப் பரணில் கிடைத்தது. மச்சானுக்குப் புதுக் கல்யாணம். வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. போன பொருள் பெரிதாக இருந்தால்தானே தபித்தாளை அந்த அறையிலிருந்து கிளப்ப முடியும்?

பாலாமணி பின்பக்கம் போனார். தபித்தாள் சாமானெல்லாம் கட்டி, மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். போக வேண்டாமென்று சொன்னதும் அழவில்லை, கும்பிடவில்லை.

"கட்டினதும் நானு, அவுக்கறதும் நானுங்களா மேடம்?"

பாலாமணி தொப்பியைக் கழற்றிவிட்டு, பக்கத்து மூட்டையின் முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தார்.